அவசரமும் கூச்சமும்



கரிவலம்வந்தநல்லூரில் பஸ் ஏறி, சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலிக்குப் போகிற வயதான அம்மாக்கள் சிலர் விடிந்ததிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வழியில் சிறுநீர் கழிக்க எங்கே இறங்குவது என்ற பயம். வெளியே சொல்லவும் கூச்சம்.

அந்தச் சிறுநீர்ப்பையைத்தான் ஒரு மனிதர் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பேராசிரியர் கார்ல் எரிக் ஆண்டர்சன். பிற்பாடு அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்திலும் ஆராய்ச்சி செய்தார்.

அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நரம்பிலிருந்து வந்தால் சிறுநீர்ப்பைத் தசை சுருங்கும். பை நிறையும் முன்பே சுருங்கினால் அவசரம். அந்த வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கும் ஆக்ஸிபியூட்டினின் என்ற மருந்து அமெரிக்காவில் 1975-லேயே அனுமதி பெற்றது. ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பியும் அதே வேதிப்பொருளுக்குக் கட்டுப்பட்டதுதான். வாய் வறளும், வறண்டால் தண்ணீர் குடிக்க வேண்டும், குடித்தால் மறுபடி ஓட வேண்டும்!

இத்தகைய மருந்துகள் சிறுநீர் கழிக்கும் நேரத்தில் அல்ல, பை நிறையும் நேரத்தில்தான் முக்கியமாக வேலை செய்கின்றன என்று ஆண்டர்சன் எடுத்துக்காட்டினார். எனக்கு இதுதான் அவர் வேலையில் அழகான இடம். பிறகு ஜப்பானில் உருவான மிராபெக்ரான் என்ற மருந்து வேறு வழியில் போய், நிறையும்போதே தசையைத் தளர்த்தியது. 2012-இல் அமெரிக்காவும் அதை அனுமதித்தது. வாய் வறட்சி குறைவு. இரத்த அழுத்தத்தை மட்டும் கவனிக்க வேண்டும்.

பழைய வகை மாத்திரைகள் முதியவர்களுக்கு மலச்சிக்கலும் மறதியும் தரலாம். அவசரத்துக்குச் சர்க்கரை நோயோ கிருமித் தொற்றோ காரணமாக இருக்கலாம். அதனால் மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள். டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள், தண்ணீரையும் நிறுத்தாதீர்கள்.