அறிதுயில் சிகிச்சையும் எரிச்சலுறு குடல் நோய்க்குறியும்
(சமூக நலக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வயிற்றுக் கோளாற்றைப் பற்றிப் பிறர் முன்னிலையில் பேசுவதற்கு நம்மவர் பலர் கூச்சப்படுகின்றனர். வயிற்றுவலி, பொருமல், வயிற்றோட்டம், மலச்சிக்கல் ஆகியவற்றால் ஆண்டுக்கணக்கில் அல்லற்படுவோர், நிலக்கீழ்த் தொடருந்தில் ஏறுமுன் மலசலகூடம் தேடுவதும், திருமண வீடுகளையும் கோயில் திருவிழாக்களையும் தவிர்ப்பதுமாக வாழ்கின்றனர். இவர்களுள் பலருக்கு இருப்பது, ஐ.பி.எஸ். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் எரிச்சலுறு குடல் நோய்க்குறியாகும். இந்நோய் புற்றுநோயாக மாறுவதில்லை; குடலைச் சிதைப்பதுமில்லை. ஆயினும், நோயாளரின் அன்றாடச் சுதந்திரத்தைப் பறித்துவிடுகிறது.

குடலும் மூளையும் நரம்புகளின் வழியே இடையறாது செய்தி பரிமாறுகின்றன. இந்நோயுள்ள பலரில், பிறர் உணராத சாதாரண குடல் அசைவும் வலியாக உணரப்படுகிறது. வலி கவலையைத் தருகிறது. கவலை குடலை மேலும் கலக்குகிறது. இச்சுழற்சியைத் தணிப்பதே அறிதுயில் சிகிச்சையின் நோக்கமாகும்.

இச்சிகிச்சையை ‘மனவசியம்’ என்று மொழிபெயர்ப்பதால் வீண் அச்சம் எழுகிறது. வசியம் என்றதும், ஒருவர் மற்றவரின் விருப்பத்தைக் கைப்பற்றுவதே நினைவுக்கு வருகிறது. உண்மை அதுவன்று. துயில்வது போன்ற அமைதியிலும் அறிவு விழித்திருக்கும் நிலையையே ‘அறிதுயில்’ என்னும் பழந்தமிழ்ச் சொல் உணர்த்துகிறது. சிகிச்சை பெறுபவர் பேசுவதைக் கேட்கிறார். விரும்பிய கணத்தில் கண்விழித்து எழுந்துவிடலாம். வயிற்றின் மீது கையை வைத்து அங்கு இளஞ்சூடு பரவுவதாகவும், குடல் சீராக ஓடும் ஆறு போல் இயங்குவதாகவும் அவர் மனத்தில் உருவகிக்கப் பழகுகிறார். ஒலிப்பதிவின் துணையுடன் வீட்டிலும் நாள்தோறும் பயிற்சி செய்கிறார்.

இந்நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. மான்செஸ்டர் நகரின் மருத்துவர் பீட்டர் வோர்வெல்லும் அவருடைய குழுவினரும், பிற சிகிச்சைகளால் பயனடையாத 30 நோயாளரிடம் மேற்கொண்ட ஆய்வு 1984இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. அறிதுயில் சிகிச்சை பெற்றோர், உளவியல் உரையாடலும் வெற்று மாத்திரையும் பெற்றோரைக் காட்டிலும் தெளிவாகத் தேறினர். அந்நகரில் சிகிச்சை பெற்ற 1,000 நோயாளரின் விவரங்கள் 2015இல் வெளியிடப்பட்டன. அவர்களுள் 76 விழுக்காட்டினருக்கு நோயின் கடுமை குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அத்தகைய பயன் கிட்டவில்லை என்பதையும் மறைத்தலாகாது.

எனினும், இது முதற்படி அன்று. மலத்துடன் இரத்தம் போதல், காரணமின்றி உடல் எடை குறைதல், இரத்தசோகை ஆகியவை இருப்பின் உடனடியாகக் குடும்ப வைத்தியரை நாடுதல் வேண்டும். ஐம்பது வயதையோ அதற்கு மேலோ எட்டிய பெண்களுக்கு எரிச்சலுறு குடல் நோய்க்குறி போன்ற அறிகுறிகள் புதிதாகத் தோன்றினால், சூலகப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் தேவை. குளுட்டனால் தூண்டப்படும் சீலியாக் நோய் இல்லை என்பதையும் இரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்தல் முறை. அதன் பின்னரே உணவு மாற்றமும் மருந்தும். வெங்காயம், உள்ளி, பருப்பு முதலியவற்றைக் குறைக்கும் உணவுமுறையை, உணவியல் வல்லுநரின் வழிகாட்டலுடன் மட்டுமே மேற்கொள்ளுதல் நன்று.

மருந்துகளால் 12 மாதங்களின் பின்னரும் குணம் காணாதவர்களை அறிதுயில் உள்ளிட்ட உளவியல் சிகிச்சைகளுக்கு அனுப்புவது குறித்துப் பரிசீலிக்குமாறு, நைஸ் நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. இவ்வசதி எல்லாப் பகுதிகளிலும் தேசிய சுகாதார சேவையில் கிடைப்பதில்லை. ஆதலின், தம் பகுதியில் அது உண்டா என்று நோயாளரே வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேட்டல் வேண்டும்.

தனியாரிடம் செல்வோர்க்கு ஓர் எச்சரிக்கை. ‘ஹிப்னோதெரபிஸ்ட்’ என்னும் பட்டம் இந்நாட்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டதன்று. எவரும் அப்பெயரைச் சூடிக்கொள்ளலாம். தொழில்தர ஆணையம் அங்கீகரித்த பதிவேட்டில் பெயர் உள்ளதா, குடல் நோய்க்கான பயிற்சி உண்டா, மொத்தக் கட்டணம் எவ்வளவு என்பவற்றை முன்கூட்டியே கேட்டறிதல் நலம். நிச்சயமாகக் குணப்படுத்துவதாக வாக்களிப்பவரைத் தவிர்த்தல் வேண்டும். உளப்பிறழ்வு நோய் உடையோர்க்கு இச்சிகிச்சை ஏற்றதன்று.

இறுதியாக, மொழி. இது சொற்களாலேயே செய்யப்படும் சிகிச்சை. புரியாத மொழியில் உடல் தளராது, மனமும் அமைதி கொள்ளாது. தமிழில் சிகிச்சை பெற இயலுமா என்பதை முதற் சந்திப்புக்கு முன்பே வினவுதல் வேண்டும். குடும்ப வைத்தியரைச் சந்திக்கும்போது மொழிபெயர்ப்பாளரின் உதவி கட்டணமின்றி வழங்கப்படும்; நேரம் பதிவு செய்கையிலேயே அதைக் கோரலாம். மலம், இரத்தம், மாதவிடாய் ஆகியவற்றைப் பற்றித் தாய் கூறத் தயங்குவதை, பள்ளி செல்லும் பிள்ளை வாயிலாக வைத்தியர் அறிய இயலாது. அப்பொறுப்பைப் பிள்ளைகளின் தோளில் ஏற்றாதிருத்தல், தாய்க்கும் பிள்ளைக்கும் ஒருங்கே நன்மை பயக்கும்.