பிச்சிப் பூவும் பிறநாட்டுச் சட்டமும்



சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி செல்லும் வழியில் கழுகுமலை அமைந்துள்ளது. அதன் பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருமேனிகள். கீழே வட்டெழுத்தில், அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள். குரத்தியர் எனப்பட்ட ஆசிரியைமார் பெயர்களும் அவற்றுள் உள. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்மக்கள், தாம் செய்வித்தவற்றின் கீழ்த் தம் பெயரை வைத்தனர். இன்று ஐரோப்பாவில் ஒரு சிறு வாசனைப் புட்டியை விற்க விரும்புவோரிடம் சட்டம் கேட்கும் முதற்கேள்வியும் அதுவே: இப்பொருளுக்குப் பொறுப்பேற்பவர் யார்? அவர் பெயரும் முகவரியும் எங்கே?

அக்கேள்வி சங்கரன்கோவில் பூச்சந்தைக்குத் தொலைவானது அன்று. மல்லிகையும் பிச்சியும் இவ்வட்டாரத்தின் பூக்கள். பிச்சியைச் சிலர் ஜாதிமல்லி என்பர். தாவர நூலார் ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம் என்பர். மாலை கட்டுவோர்க்கு மொட்டு வேண்டும்; சாறு எடுப்போர்க்கோ விடியலில் இதழ் விரிந்த மலர் வேண்டும். கோயம்புத்தூர், சத்தியமங்கலம், நிலக்கோட்டை வட்டாரங்களில் உள்ள ஆலைகள் மலரை ஹெக்சேன் என்னும் கரைப்பானில் ஊறவைத்து மணத்தை வாங்குகின்றன. கரைப்பானை நீக்கியபின் மெழுகு போல் எஞ்சுவது ‘கான்கிரீட்’. ஆயிரம் கிலோ பிச்சிக்கு ஏறக்குறைய மூன்று கிலோவே அது கிடைக்கும். அதனை எரிசாராயத்தில் கரைத்து மெழுகை அகற்றினால், அதிலும் பாதியளவே ‘அப்சொல்யூட்’ என்னும் தூய சாறு தேறும். பிரான்சு நாட்டு வாசனைத் தொழிலார் பெரிதும் மதிக்கும் சரக்குகளுள் அது ஒன்று.

பூவின் சாறுதானே, அதில் என்ன தீங்கு என்று கேட்கத் தோன்றும். வெளிநாட்டுச் சட்டம் மிகுதியாகக் கவனிப்பது இவ்விடத்தில்தான். பிச்சிச் சாற்றில் இயல்பாகவே லினலூல், பென்சைல் பென்சோவேட், பென்சைல் ஆல்கஹால், யூஜினால் ஆகியவை உள்ளன. பெரும்பாலோர் மேனிக்கு இவை ஒன்றும் செய்யா. சிலர் தோலோ இவற்றை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் பின்னர் மறவாது. அடுத்தமுறை படும்போது சிவந்து, தடித்து, அரிக்கும். ஒருமுறை ஏற்பட்ட ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நிற்கும். ஆகவே 2003ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் 26 மணப்பொருள்களைப் பெயர் சொல்லிச் சிப்பத்தின்மேல் அச்சிடவேண்டும் என்று விதித்தது. 2023 ஜூலையில் வந்த 2023/1545 என்னும் விதி அப்பட்டியலை ஏறக்குறைய எண்பதாக விரித்தது. அதில் தனி வேதிப்பொருள்கள் மட்டும் இல்லை. சந்தன எண்ணெய், ரோஜாச் சாறு, கிராம்பு எண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய் ஆகியவற்றோடு பிச்சிச் சாறும் இடம்பெற்றுள்ளது.

எவ்வளவு இருந்தால் அச்சிட வேண்டும்? தோலில் தங்கும் பொருளில் 0.001 விழுக்காட்டுக்கு மேல். கழுவி விடும் பொருளில் 0.01 விழுக்காட்டுக்கு மேல். நூறு கிராம் களிம்பில் ஒரு மில்லிகிராமைத் தாண்டினாலே பெயர் சொல்லவேண்டும் என்பது இதன் பொருள். புதிதாகச் சந்தைக்கு வருபவற்றுக்கு 2026 ஜூலை 31, ஏற்கெனவே விற்பனையில் உள்ளவற்றுக்கு 2028 ஜூலை 31 என்று காலமும் குறிக்கப்பட்டுள்ளது. இது தடை அன்று, அறிவிப்பு மட்டுமே. வாங்குவோர் தம் மேனிக்கு ஒவ்வாததைத் தாமே விலக்கிக்கொள்ள வழி செய்கிறது. அரசுகள் இயற்றும் சட்டங்களுக்கு அப்பால், 1973இல் தோன்றிய இஃப்ரா என்னும் பன்னாட்டு நறுமணத் தொழிலமைப்பு, பிச்சிச் சாற்றுக்கும் மல்லிகைச் சாற்றுக்கும் தனித்தனியே உச்சவரம்பு வகுத்துள்ளது. அவ்வரம்புக்கு உட்பட்டதென்னும் சான்றிதழ் இன்றிப் பெரிய நிறுவனம் எதுவும் சரக்கை ஏற்பதில்லை.

இயற்கையானது என்னும் ஒரு சொல்லால் விலக்கு எதுவும் கிடைப்பதில்லை. அவ்வாறே செயற்கையானது என்பதாலும் கிடைப்பதில்லை. கத்தூரியின் வரலாறு இதற்குச் சான்று. ஆண் கத்தூரிமானின் வயிற்றருகே உள்ள சிறு பைக்காக எத்தனை மான்கள் மடிந்தன என்பதற்குக் கணக்கில்லை. 1888இல் ஆல்பர்ட் பௌர் என்னும் வேதியியலார் வேறொரு பொருளை ஆய்ந்துகொண்டிருந்தபோது கத்தூரி மணம் கமழும் செயற்கைப் பொருள் ஒன்றைக் கண்டார். அவ்வழியில் தோன்றிய பொருள்கள் மானைக் காப்பாற்றின என்று மகிழலாம். ஆயினும் அவற்றுள் ஒன்றான மஸ்க் அம்பிரெட், வெயில் பட்டவுடன் தோலைப் புண்ணாக்குவதும் நரம்பைக் கெடுப்பதும் பின்னர் தெரியவந்து ஐரோப்பாவில் விலக்கப்பட்டது. விலங்குக்கு நேர்ந்த தீங்கை நீக்கியது மனிதர்க்குத் தீங்காயிற்று. இந்தியாவில் கத்தூரிமான் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது. எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அம்பர்கிரிசும் அவ்வாறே. தூத்துக்குடிக் கடற்கரையில் அது பிடிபட்ட செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருவதை அவையோர் அறிவர்.

இனி, பொறுப்பேற்பவர் யார் என்னும் முதற்கேள்வி. 2013 ஜூலை 11 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள 1223/2009 என்னும் ஐரோப்பிய விதிப்படி, ஒவ்வோர் ஒப்பனைப் பொருளுக்கும் ஒன்றிய எல்லைக்குள் வாழும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். தகுதி பெற்ற வல்லுநர் ஒருவர் பாதுகாப்பு மதிப்பீடு எழுதித் தரவேண்டும். மூலப்பொருள், செய்முறை, சோதனை முடிவுகள் அடங்கிய கோப்பைக் கடைசித் தொகுதி விற்பனைக்கு வந்தபின் பத்தாண்டுகள் வைத்திருக்கவேண்டும். விற்பனைக்கு முன் மின்வழியே அறிவிக்கவேண்டும். அமெரிக்கா நெடுங்காலம் இதில் தளர்வாக இருந்தது. 2022 டிசம்பரில் கையெழுத்தான மோக்ரா என்னும் சட்டத்தின்படி, வெளிநாட்டு ஆலையும் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தில் பதிவு செய்து, அமெரிக்காவில் ஒரு முகவரை நியமிக்கவேண்டும். கடுமையான பாதிப்பு நேர்ந்ததாகத் தெரியவந்தால் 15 வேலை நாள்களுக்குள் அறிவிக்கவேண்டும். சிறு நிறுவனங்களுக்குப் பதிவிலிருந்து சலுகை உண்டு. ஆனால் கண்ணைத் தொடும் பொருள்களுக்கு அச்சலுகை கிடையாது.

இவ்விடத்தில் வணிகரல்லாத குடும்பத்தாரும் சற்றுச் செவி சாய்த்தல் நன்று. பேரக்குழந்தையைப் பார்க்க அமெரிக்கா செல்லும் பாட்டியின் பெட்டியில் கண் மை இருக்கும். ஈயச் சேர்மம் கலந்த மை, சுர்மா ஆகியவற்றை அந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. நாட்டுக்குள் கொண்டுவருவதும் தடை செய்யப்பட்டதே. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தாக்கும் நஞ்சு. வீட்டில் விளக்குச் சுடரில் பிடித்த மைக்கும் கடையில் வாங்கிய டப்பிக்கும் வேறுபாடு உண்டு. டப்பியில் என்ன இருக்கிறது என்பதைச் சோதனைச் சாலையன்றிக் கண்ணால் அறிய இயலாது.

இன்னொன்று: சொல்லும் சட்டத்துக்கு உட்பட்டதே. சங்கரன்கோவில் திருக்கோயிலின் புற்றுமண்ணை அடியவர் மேனியில் பூசிக்கொள்வர். அது வழிபாடு, வணிகமன்று. ஆனால் ஒரு தைலத்தையோ பொடியையோ டப்பியில் அடைத்துத் தோல் நோயைத் தீர்க்கும், முடியை வளர்க்கும் என்று எழுதிக் கப்பலேற்றினால், அமெரிக்காவில் அக்கணமே அது ஒப்பனைப் பொருள் என்னும் நிலை நீங்கி மருந்தாகிவிடும். மருந்துக்குரிய ஒப்புதல் வேண்டப்படும். சரக்கில் குற்றமில்லாதிருந்தும், அச்சிட்ட ஒரு வரியால் துறைமுகத்தில் தேங்குவதற்கு அதுவே போதும்.

சமண இல்லறத்தார்க்கு நெஞ்சைத் தொடுவது விலங்குச் சோதனை. 1944இல் டிரைஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் முயலின் கண்ணில் சோதனைப் பொருளை இட்டுப் புண்ணை அளக்கும் முறையை வகுத்தார். பல்லாண்டுகள் அதுவே உலக வழக்கமாயிற்று. உழவிலும் தொழிலிலும் தவிர்க்கவியலாது நேரும் இம்சையை ஆரம்பம், உத்தியோகம் என்று பிரித்துரைத்த சமண ஆசிரியர், அறிந்தே எண்ணிச் செய்வதைச் சங்கல்ப இம்சை என்று தனியே வைத்தனர். உதட்டுச் சாயத்திற்காக முயலின் கண்ணைப் புண்ணாக்குவது எவ்வகையைச் சாரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் முடிந்த பொருள்களுக்கும், 2009இல் மூலப்பொருள்களுக்கும் அச்சோதனையைத் தடை செய்து, 2013 மார்ச் 11 முதல் அவ்வாறு சோதிக்கப்பட்ட பொருளின் விற்பனையையும் தடுத்தது. இந்தியா 2014இல் சோதனையைத் தடை செய்தது. அவ்வாண்டிலேயே அவ்வாறு சோதிக்கப்பட்டவற்றின் இறக்குமதியையும் தடுத்தது. சீனாவும் 2021 மே முதல் பொதுவகை ஒப்பனைப் பொருள்களுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு அளித்தது. செயற்கையாக வளர்த்த மனிதத் தோல் திசுவில் எரிச்சலை அளக்கும் முறைகள் இப்போது பன்னாட்டு ஏற்புப் பெற்றுள்ளன.

இத்துடன் கவலை தீர்ந்தது என்று கூறினால் அது முழு உண்மை ஆகாது. ஐரோப்பாவிலேயே வேதிப்பொருள்களுக்கான ரீச் என்னும் வேறொரு சட்டம் உண்டு. ஆலையில் அப்பொருளைக் கையாளும் தொழிலாளர் நலம் கருதி அது சோதனை கேட்கும். அச்சோதனை சில வேளைகளில் விலங்கின்மீதே நடக்கும். ஒப்பனைப் பொருளில் மட்டுமே பயன்படும் இரு வெயில்காப்புப் பொருள்களுக்கும் அவ்வாறு கேட்கலாமா என்னும் வழக்கில், கேட்கலாம் என்று 2023 நவம்பர் 22இல் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலங்கின்மீது சோதிக்கப்படாதது என்னும் முயல் முத்திரை ஒரு நிறுவனத்தின் உறுதிமொழியைக் காட்டுகிறது; மூலப்பொருளின் முழு வரலாற்றையும் அது காட்டும் என்று கொள்வதற்கில்லை.

சோதனையைப் பற்றிச் சட்டம் இவ்வளவாவது பேசுகிறது. பிறப்பைப் பற்றி அது பேசுவதில்லை. ஐரோப்பியப் பட்டியல் வாங்குபவரின் தோலுக்காக எழுதப்பட்டது. அவர் மனச்சான்றுக்காக அன்று. சிப்பத்தின் பின்புறம் செரா ஆல்பா என்றிருந்தால் தேன்மெழுகு, சி.ஐ. 75470 என்றிருந்தால் பூச்சிகளை உலர்த்தி அரைத்தெடுத்த கார்மைன் சிவப்பு, மெல் என்றிருந்தால் தேன், லானோலின் ஆட்டுமயிரின் கொழுப்பு, ஷெல்லாக் அரக்கு. இவை இலத்தீன் திரைக்குப் பின் நின்றாலும் தெரிந்தவர்க்கு வெளிப்படை. கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும் அவ்வாறல்ல. அவை தேங்காயிலிருந்தும் வரும், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரும்; இரண்டுக்கும் பெயர் ஒன்றே. ஸ்குவாலேன் ஆலிவிலிருந்தும் வரும், சுறாவின் ஈரலிலிருந்தும் வரும்.

இக்கேள்வி இந்திய நீதிமன்றத்தில் எழுந்ததுண்டு. 2002இல் தில்லி உயர் நீதிமன்றம், தாம் பூசுவது விலங்கிலிருந்து வந்ததா என்பதை அறிதல் குடிமக்கள் உரிமை என்று கொண்டு, ஒப்பனைப் பொருள்களில் சிவப்பு, பச்சைக் குறிகள் இட ஆணையிட்டது. 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், அதை விதிப்பது அரசின் பணியேயன்றி நீதிமன்றத்தின் பணியன்று என்று அவ்வாணையை நீக்கியது. 2014இல் சிப்பப் பொருள் விதிகளில் சோப்பு, ஷாம்பு முதலியவற்றுக்கு அப்புள்ளி சேர்க்கப்பட்டது. ஆயினும் கடையில் எடுத்துப் பார்ப்போர் எல்லாப் பொருளிலும் அதைக் காண்பதில்லை. உணவுப் பொட்டலத்தில் இயல்பாகிவிட்ட பச்சைப் புள்ளி, தோலில் பூசுவதில் இன்னும் இயல்பாகவில்லை.

ஆகவே ஏற்றுமதி செய்யும் சிறு தொழிலார் மூலப்பொருள் விற்பவரிடம் இரு தாள்களைக் கேட்டு வாங்க வேண்டியுள்ளது: ஒவ்வாமைப் பொருள்களின் அளவு ஒன்று, பிறப்பிடம், அதாவது தாவரமா விலங்கா என்னும் எழுத்துறுதி மற்றொன்று. முன்னதைச் சட்டம் கேட்கிறது. பின்னதை வாடிக்கையாளர் கேட்டால் மட்டுமே தருவர். கேட்போர் பெருகினால் விற்போர் ஆயத்தமாக வைத்திருப்பர் என்பதை, வீகன் சான்று தேடும் வெளிநாட்டு வணிகத்தில் இன்றே காணலாம்.

பூச்சந்தைக்குத் திரும்புவோம் எனில், கவலை வேறு இடத்தில் உள்ளது. மொட்டுப்புழுவுக்கு அடிக்கும் மருந்து எண்ணெயில் கரையக்கூடியது. ஆயிரம் கிலோ பூ மூன்று கிலோவாகச் சுருங்கும்போது மருந்தின் எச்சமும் அவ்வாறே செறிந்து நிற்கும். வாங்குவோர் எச்சத்தை அளந்து சரக்கைத் திருப்பினால், அந்த இழப்பு ஆலையோடு நிற்பதில்லை. கொள்முதல் விலையாகக் கீழிறங்கி, விடியலுக்கு முன் தலையில் விளக்குக் கட்டிப் பூப்பறிக்கும் பெண்களின் கூலியை எட்டும். எந்தத் தோட்டம், எந்த நாள், எந்த மருந்து, பறிப்புக்கு எத்தனை நாள் முன் என்று ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கும் உழவர்க்குப் பேரம் பேச ஓரளவேனும் இடம் உண்டு. அக்குறிப்பேட்டை வைத்திருக்குமாறு அவர்களிடம் சொல்லவேண்டியவர்கள் இடையில் நின்று வாங்கும் வணிகர்கள். விலை ஏறும் நாளில் மட்டும் சொல்வதில் பயனில்லை.

2026 ஜூலைக்குப் பின் பாரிசிலோ பெர்லினிலோ விற்பனைக்கு வரும் புதிய களிம்பின் பெட்டியில், சிறிய எழுத்தில் பிச்சியின் பெயரும் இருக்கும். அது ஆங்கிலத்திலோ இலத்தீனிலோ இருக்கும். எந்த ஊர்ப் பூ என்பது அதில் இராது. ஆலையின் கோப்பில், ஒரு தொகுதி எண்ணுக்கு எதிரே, எழுதியிருந்தால் இருக்கும்.