மார்கழி மழையும் அருவிப் பயணமும்
(தோட்டப் பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

கிறிஸ்மஸ் லீவு வந்துவிட்டது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளும் வீடு வந்திருக்கிறார்கள். இந்த நாட்களில் லயத்துக்கு லயம் கேட்கிற பேச்சு, "வாடா மச்சான், துன்ஹிந்தவுக்குப் போவோம், ராவணா எல்லவில குளிச்சிட்டு வருவோம்" என்பதுதான். உழைத்துக் களைத்த உடம்புக்கு ஒருநாள் உல்லாசம் வேண்டும். போகாதீர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. போன இடத்தில் ஒன்று நடந்துவிட்டால் கூட்டாளி என்ன செய்வது என்பதைத்தான் பேச வந்தோம்.

நமது ஊவாப் பக்கத்தில் ஐப்பசி முதல் தை வரைதான் மழை பலம். லீவும் மழையும் ஒன்றாக வருகின்றன. அங்கேதான் ஆபத்து. தியலும 220 மீட்டர், துன்ஹிந்த 64 மீட்டர். உயரத்தைப் பார்த்தே பயம் வரும். ராவணா எல்ல சுமார் 25 மீட்டர்தான், வெல்லவாய ரோட்டு ஓரத்திலேயே இருக்கிறது. அதனால் பயமில்லாமல் இறங்குகிறார்கள். அங்கே பல உயிர்கள் போயிருக்கின்றன.

அருவியடியில் வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். அந்தத் தண்ணீர் சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், சட்டையைக்கூடத் தேடாமல் கரையேறுங்கள்.

இரண்டு கூட்டாளிமார் போகிறார்கள் என்று வையுங்கள். ஒருவன் பாசிப் பாறையில் வழுக்கிச் சுழியில் விழுகிறான். மற்றவன் என்ன செய்வான்? பாசத்தில் தானும் குதிப்பான். அன்று மாலை லயத்துக்கு இரண்டு பிரேதம் வரும். ஆகவே குதிக்காதீர்கள். கரையில் படுத்துக்கொண்டு நீளமான கம்பை நீட்டுங்கள். கயிறு, முடிச்சுப் போட்ட சேலை, மூடிய வெற்றுக் கேன், எது கிடைத்தாலும் வீசுங்கள். சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள். பொலிசுக்கு 119, அம்புலன்சுக்கு 1990. அம்புலன்சுக்குக் காசு இல்லை.

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றவோ, வயிற்றை அமுக்கவோ வேண்டாம். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈரத்துணியைக் களைந்து, கம்பளியால் போர்த்துங்கள். குளிருக்கு நல்லதென்று சாராயம் ஊற்றாதீர்கள். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதி, நெஞ்சின் நடுவில் 30 தரம் பலமாக அழுத்தி, மறுபடி இரண்டு முறை ஊதுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை 30 அழுத்தம், இரண்டு ஊதல் என்று விடாமல் செய்யுங்கள். இதைத் தெரிந்தவரிடம் முன்கூட்டியே பழகிக்கொள்வது நல்லது.

இனி, பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒருவன் போய் ஒருவன் திரும்பி வந்தால், "நீதானே கூட்டிக்கிட்டுப் போனே" என்று லயமே அவன் மேல் பாயும். அதற்குப் பயந்து உடனே சொல்லாமல் தேயிலை மலைக்குள் ஒளிகிற பிள்ளை உண்டு. அவன் ஒளிந்திருக்கும் அந்த அரைமணி நேரத்தில்தான் காப்பாற்றக்கூடிய உயிர் போகிறது. பிறகு அவன் பேச்சு மறந்து, சாப்பாடு மறந்து, காம்பராவுக்குள் முடங்கிவிடுகிறான். தப்பி வந்தவனும் நம்ம பிள்ளைதானே?

ஆகவே இன்றிரவே உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள்: "எங்கே போறே, யாரோட போறே, எப்ப வருவேன்னு சொல்லிட்டுப் போ. என்ன நடந்தாலும் முதல்ல சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடு, எங்களுக்குச் சொல்லு. நாங்க ஏச மாட்டோம்."

பிள்ளைகள் இதை நம்பினால்தான் உதவி நேரத்துக்கு வரும். போனவர்கள் எல்லோரும் சிரித்த முகத்தோடு வீடு திரும்பட்டும்.