வீடு தேடி வரும் வாக்குச்சீட்டு

85 வயதைக் கடந்தவர்களும், 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் உடற்குறைபாடு உள்ளவர்களும் வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்குச்சீட்டில் வாக்களிக்கும் வசதி, 2024 மக்களவைத் தேர்தலில் இந்தியா முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. இதற்கான விருப்பப் படிவமாகிய 12டி, வாக்காளர் பட்டியலைப் பேணும் வாக்குச்சாவடி நிலை அலுவலரால் வீட்டிலேயே வழங்கப்படினும், தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் அது நிரப்பப்பட்டுத் திரும்ப வேண்டும் என்பது, படுக்கையில் கிடப்போருக்குச் சற்றுக் கடுமையான கெடுவே. குறித்த நாளில் காவலரும் ஒளிப்பதிவாளரும் உடன்வர இல்லம் சேரும் அலுவலர் குழு, அடையாளத்தைச் சரிபார்த்த பின், பிறர் பாராதவாறு முதியவர் சீட்டில் குறியிட்டு, அதை உறையிலிட்டு ஒட்டித் தரும்வரை காத்திருக்கிறது. வாக்காளர் அட்டை கைவசம் இல்லாதோர் ஆதாரையோ, நிழற்படம் ஒட்டிய வங்கி, அஞ்சலகக் கணக்குப் புத்தகத்தையோ, ஓய்வூதிய ஆவணத்தையோ காட்டலாம். வீடுவீடாக வழங்கப்படும் வாக்காளர் தகவல் சீட்டு மட்டும் அடையாளச் சான்றாக ஏற்கப்படுவதில்லை.