தானாகத் தின்னும் வரை நம் கைத்தீனி
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் குழுவில் நான்கு பேர் காக்டெய்ல் கிளி வளர்க்கிறோம். போன கூட்டம் முடிந்ததும் பல பேர் என்னிடம் வந்து, "நாங்களும் உள்கடன் வாங்கி ஆரம்பிக்கலாமா?"ன்னு கேட்டீங்க. தாராளமா ஆரம்பிக்கலாம். ஆனால் குஞ்சுக்குக் கைத்தீனி கொடுக்கிறதும், அதை நிறுத்துகிறதும் தெரியாமல் இறங்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

முதலில் ஒரு விஷயம். நம்ம ஊர் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பதும் விற்பதும் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பனைமரப் பொந்தில் குஞ்சு இருக்குன்னு யாராவது எடுத்து வந்து கொடுத்தாலும் வாங்காதீங்க. நான் பேசுவது காக்டெய்லைப் பற்றி. அதன் பூர்வீகம் ஆஸ்திரேலியா. இங்கே நாம் வளர்ப்பதெல்லாம் கூண்டிலேயே பொரித்துப் பெருகியவை.

தாயும் தகப்பனும் ஊட்டுகிற தீனிக்கு எதுவும் ஈடு இல்லை. நாம் ஏன் குஞ்சை எடுக்கிறோம் என்றால், கையில் வளர்ந்த குஞ்சு மனிதரிடம் பயமில்லாமல் பழகும், நல்ல விலைக்குப் போகும். சில சமயம் தாய்ப்பறவை ஊட்டாமல் விட்டுவிடும், அப்போதும் நாம்தான் பார்க்க வேண்டும். பொரித்து மூன்று வாரம் ஆன குஞ்சை எடுத்தால் காலை 6 மணி, 11 மணி, மாலை 4 மணி, இரவு 9 மணி என்று நான்கு வேளை போதும். இந்த நான்கு நேரமும் வீட்டில் ஆள் இருக்க முடியாது என்றால் குஞ்சை எடுக்காதீங்க. தாய் தகப்பனே வளர்க்கட்டும். விலை கொஞ்சம் குறையும், குஞ்சு நல்லா இருக்கும்.

தீனி மாவு கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. பாலில் கலக்கக் கூடாது. கொதித்து ஆறிய தண்ணீரில், பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுப்படி கலக்க வேண்டும். சூடு 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் இருக்கணும். கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போமே, அந்தக் கணக்கு இங்கே உதவாது. தெர்மாமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 43 டிகிரிக்கு மேல் போனால் இரைப்பை வெந்துவிடும். அன்றைக்குத் தெரியாது, சில நாள் கழித்துத்தான் புண்ணாகி வெளியே தெரியும். ஆறிப்போன தீனியும் ஆகாது, செரிக்காமல் தங்கிவிடும். அதனால் கிண்ணத்தைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக்கொண்டு ஊட்டுங்க. மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்காதீங்க.

அளவு, குஞ்சின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 60 கிராம் குஞ்சுக்கு ஒரு வேளைக்கு 6 மில்லி. குஞ்சு தலையை மேலும் கீழும் ஆட்டிக் கேட்கும். அப்படிக் கேட்கும்போது மட்டும் சிரிஞ்சை அதன் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் சாய்த்து, மெதுவாக விடணும். கேட்காத குஞ்சின் வாயில் திணித்தால் தீனி மூச்சுக்குழாய்க்குப் போய்விடும், அதோடு குஞ்சு போயிடும். கழுத்துக்குக் கீழே இரைப்பை இருக்கும், நம்ம கோழிக்கு இருக்கிற மாதிரியே. அடுத்த வேளைக்கு முன்னால் அதைத் தொட்டுப் பாருங்க. கிட்டத்தட்ட காலியாகியிருந்தால் ஊட்டலாம். காலையிலும் அது முழுதாகக் காலியாகவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போகணும்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். கைத்தீனியை எப்போது நிறுத்துவது?

ஐந்து வாரம் நெருங்கும்போது குஞ்சு இறக்கை அடிக்கும், கண்டதையெல்லாம் கொத்தும், சிரிஞ்சைத் தள்ளிவிடும். அப்போது கூண்டின் தரையிலேயே தினைக் கதிரைப் போடுங்க. முளைகட்டிய பச்சைப்பயறு, உப்புப் போடாமல் வேகவைத்த மக்காச்சோளம், முருங்கைக்கீரை, துருவிய கேரட் எல்லாம் தாழ்வான தட்டில் வைங்க. ஆழமில்லாத கிண்ணத்தில் தண்ணீர் வைங்க. ஈரமான தீனியை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடணும், நம்ம வெயிலுக்குச் சீக்கிரம் புளிச்சுப் போகும். சாக்லேட், காபி, அவகேடோ பழம் இவற்றைக் கண்ணில்கூடக் காட்டாதீங்க.

குறைப்பது படிப்படியாக. முதலில் 11 மணித் தீனியையும், அடுத்து 4 மணித் தீனியையும் நிறுத்தணும். பிறகு காலைத் தீனி. இரவுத் தீனி கடைசி. தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை போட்டு நோட்டில் எழுதுங்க. பறக்கப் பழகும்போது எடை பத்தில் ஒரு பங்கு வரை குறையும், அது இயல்பு. அதற்கு மேல் குறைந்தால் நிறுத்திய வேளையைத் திரும்பக் கொடுக்கணும். ஒரே ஈட்டுக் குஞ்சுகளானாலும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. காக்டெய்ல் ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை வைக்கும். அதனால் மூத்ததற்கும் கடைசிக்கும் ஒரு வாரம்கூட வித்தியாசம் இருக்கும்.

தட்டைச் சுற்றி உமி கிடக்கிறதைப் பார்த்து "தின்னுது"ன்னு நினைக்காதீங்க. பாதி நேரம் அது விளையாட்டு. சாயங்காலம் நாம் ஊட்டாமலே இரைப்பை நிறைந்திருக்கணும், எடை ஏழு நாள் நிலையாக இருக்கணும். இந்த இரண்டும் இருந்தால்தான் குஞ்சு தானாகத் தின்கிறது என்று அர்த்தம். சில குஞ்சு ஏழு வாரத்தில் தயாராகும், சிலது பத்து வாரம் எடுக்கும். நாளைக் குறிப்பது நாம் இல்லை, குஞ்சுதான்.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை பிறந்தநாளுக்கு ஒரு கடையில் காக்டெய்ல் குஞ்சு வாங்கினாள். நான்கு வாரம்தான் இருக்கும். "தினை போட்டா போதும், தின்னுக்கும்"னு கடையில் சொல்லி அனுப்பியிருக்காங்க. மூன்றாம் நாள் என்னிடம் கொண்டு வந்தாள். எடை 52 கிராம். நெஞ்செலும்பு கத்தி மாதிரி நின்றது. எச்சம் கரும்பச்சையாக, துளித்துளியாகப் போனது. கிண்ணம் நிறைய தினை இருந்தும் அது பட்டினி. சூடு கொடுத்துப் பார்த்தேன், மருத்துவரிடமும் காட்டினோம். மறுநாள் விடியும்முன்னே செத்துப்போச்சு. அந்தப் பிள்ளை, "நான் தினமும் தினை போட்டேனே அத்தை"ன்னு அழுதாள். அவள்மேல் என்ன தப்பு இருக்கு?

அந்தக் குஞ்சையும் யாரோ ஒருவர் வளர்த்து நான்கு வாரத்தில் விற்றிருப்பார். ஏன் விற்கிறாங்க? பணத்துக்கு அவசரம். இதைக் கூட்டமைப்பு கவனிக்கணும். முட்டை பொரிய ஏறக்குறைய 20 நாள். குஞ்சு தானாகத் தின்ன ஒன்பது வாரம். எடை பார்க்க இன்னும் ஒரு வாரம். ஆக, முட்டை வைத்த நாளிலிருந்து கையில் காசு வர 90 நாள். வாங்கி வந்த ஜோடி உடனே முட்டை வைக்கும் என்பதும் நிச்சயமில்லை. ஆனால் கடன் வாங்கிய அடுத்த மாதமே தவணை. அப்போது வியாபாரி வந்து "குஞ்சைக் கூண்டோடு கொடும்மா, நான் பார்த்துக்கிறேன்"னு சொன்னால், கையில் காசில்லாதவள் என்ன செய்வாள்? கொடுத்துத்தான் அனுப்புவாள்.

எங்கள் குழுவில் இதற்குத் தீர்மானம் போட்டோம். பறவை வளர்க்க வாங்கும் உள்கடனுக்கு முதல் ஆறு மாதம் வட்டி மட்டும், அசல் அதற்குப் பிறகு. பதிலுக்கு நாங்கள் நால்வரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்: ஏழு நாள் எடை எழுதிய நோட்டு இல்லாமல் ஒரு குஞ்சுகூட விற்க மாட்டோம். அந்த எடைக் கணக்கை வாங்குகிறவரிடமும் கொடுக்கிறோம். இப்போது அவங்களே அடுத்தவருக்குச் சொல்லி அனுப்புறாங்க.

இதே தீர்மானத்தைக் கூட்டமைப்பு எல்லாக் குழுக்களுக்கும் கொண்டுவர வேண்டும் என்று தலைவி அக்காவைக் கேட்டுக்கொள்கிறேன். ஆடு, கோழிக்கும்கூட இதை யோசிக்கலாம். தவணைத் தேதி குஞ்சுக்குத் தெரியாது. அதைத் தெரிந்த நாம்தான் தள்ளி வைக்கணும்.