மூன்றாம் தரத்தில் உங்கள் பிள்ளை

(எமது சங்க மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பல்கலைக்கழகத்திலே இன்னும் படித்துக்கொண்டிருக்கும் நாம், பிள்ளைகளைப் பெற்று வளர்த்த உங்கள் முன் நின்று பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்தது சற்றுத் துணிகரமான செயலே. ஆயினும், கடந்த ஒன்றரை வருடமாகச் சனிக்கிழமைகளில் இம்மண்டபத்திலே மூன்றாம் தரப் பிள்ளைகளோடு இருந்து பழகியதனால், நாம் கண்ட சிலவற்றைச் சொல்லும் கடமை எமக்கு உண்டு. அவற்றுள் ஒன்று எமது சொந்தப் பிழை. அதனையே முதலிற் சொல்லிவிடுகிறோம்.

வகுப்பை ஆரம்பித்த நாளிற் பெற்றோர் எம்மிடம் கேட்டது ஒன்றே. “தம்பியவை, ஸ்கொலர்ஷிப்புக்கு இப்பவே அத்திவாரத்தைப் போட்டுவிடுங்கோ” என்றார்கள். நாமும் மகிழ்ந்து, புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்களைப் போட்டோக் கொப்பி எடுத்து எட்டு வயதுப் பிள்ளைகளின் கையிற் கொடுத்தோம். ஒரு சிறுவன் மிகக் கெட்டிக்காரன். உருவங்களின் ஒழுங்கைப் பார்த்தவுடன் அடுத்தது எதுவென்று சொல்லிவிடுவான். அவனுடைய பாடசாலைத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தடக்குப்படாமல் வாசிப்பான். அவனை எல்லோருக்கும் முன்மாதிரியாகக் காட்டினோம்.

ஒரு நாள் அதே புத்தகத்தில் ஒரு பக்கத்தின் நடுவிலே விரலை வைத்து, “தம்பி, இந்தச் சொல் என்ன?” என்று கேட்டோம். பிள்ளை விழித்தான். பின்பு பக்கத்தின் முதல் வரியிலிருந்து வாய்க்குள்ளே முணுமுணுத்துக்கொண்டு வந்து, எமது விரல் இருந்த இடத்தை அடைந்ததும் “மரம்” என்றான். வேறொரு கதைப் புத்தகத்தைக் கொடுத்தோம். ஒரு வரியும் வரவில்லை. அவன் வாசிக்கவில்லை. கேட்டுக் கேட்டு மனனம் செய்த புத்தகத்தை ஒப்புவித்துக்கொண்டிருந்தான். இரண்டு வருடமாக இதனை வீட்டாரும் கண்டுகொள்ளவில்லை. வினாத்தாள் கொடுத்த நாமும் ஐந்து மாதமாகக் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாம் தரத்தின் விசேஷம் இங்கேதான் இருக்கிறது. எமது நாட்டின் ஆரம்பக் கல்வி மூன்று முதன்மை நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளது. தரம் 1, 2 முதலாவது. தரம் 3, 4 இரண்டாவது. தரம் 5 மூன்றாவது. 1999ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தின்படி, முதல் நிலையில் விளையாட்டே முதலிடம் பெறும். இரண்டாம் நிலையில் விளையாட்டும், செயற்பாடும், இருந்து எழுதும் வேலையும் ஒத்த அளவாகும். ஆகவே தை மாதத்திலே பிள்ளை “இந்த வகுப்பு எனக்கு விருப்பமில்லை” என்று சிணுங்கினால் அதிசயிக்க வேண்டாம். இதுவரை படத்தையும் பாட்டையும் பிடித்துக்கொண்டு ஓடியவன், இப்போது பந்தியை வாசித்து அதிலிருந்து விஷயத்தை எடுக்கவேண்டியவனாகிறான். வாசிக்கக் கற்ற பிள்ளைக்கு இவ்வருடம் கதவு திறக்கும். வாசிக்காத பிள்ளை ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொள்வான். ஒளிந்துகொள்பவர் பெரும்பாலும் குழப்படிகாரர் அல்லர். வாயடக்கமான, கொப்பி துப்புரவாக வைத்திருக்கும் பிள்ளைகளே.

தமிழ் எழுத்து 247 என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அதன் பாரம் பிள்ளையின் தலையிலே இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். ‘கெ’ என்பதிலே பின்னே ஒலிக்கும் உயிரின் குறி முன்னே நிற்கிறது. ‘கொ’ என்பதிலே இரு பக்கமும் நிற்கிறது. ல, ள, ழ என்பவற்றின் மயக்கம் பெரியவர்களாகிய எமக்கே இன்னும் தீரவில்லை. (எமது செயற்குழுவின் சென்ற வருட அறிக்கையைப் பார்த்தவர்கள் இதனை மறுக்கமாட்டார்கள்.) இவற்றுக்கு மேலே, வீட்டிலே “நான் போறன்” என்று பேசும் பிள்ளை புத்தகத்திலே “நான் போகிறேன்” என்று வாசிக்கவேண்டும். ஆகையால், மூன்றாம் தரத்துப் பிள்ளை “அம்மா சந்தைக்குப் போனவா” என்று எழுதினால் அடிக்கவோ சிரிக்கவோ வேண்டாம். பேசுவதை எழுத்தாக்கும் வித்தை அதற்கு வந்துவிட்டது. மற்றது பின்னால் வரும்.

கணக்கிலும் இதே கதைதான். முந்நூற்றைந்து என்று சொன்னால் 3005 என்று எழுதும் பிள்ளைகள் பலர். முந்நூறை எழுதி, ஐந்தையும் பக்கத்திலே வைத்துவிட்டார்கள், அவ்வளவே. ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டுக்களை ஒரு பெரிய கட்டாகக் கட்டிக் காட்டினால் இரண்டு மூன்று நாளில் அது தெளிந்துவிடும். வாய்பாடு ஒப்புவிக்கும் பிள்ளையிடம், 24 மாங்காயை 4 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். விடை வராவிட்டால் அதே கணக்கை வாயாற் சொல்லிப் பாருங்கள். வாயாற் சொன்னதற்கு விடை வந்தால் குறை கணக்கில் இல்லை.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதலிரு தரங்களிலும் வாய்ப்பேச்சாக இருந்த ஆங்கிலம் மூன்றாம் தரத்திலேதான் முறையான பாடமாகத் தொடங்குகிறது. முதற் தவணையிலேயே பிள்ளை ஆங்கிலம் பேசவில்லை என்று மனம் வருந்துவோர் சற்றுப் பொறுத்திருக்கலாம்.

இனி, பலர் கவனியாத ஒன்று. பாடசாலை வைத்தியப் பரிசோதனை வழக்கமாக 1, 4, 7, 10 ஆகிய தரங்களிலேயே நடைபெறுகிறது. சிறிய பாடசாலைகள் இதற்கு விலக்கு. எனவே கரும்பலகையின் எழுத்து சிறுத்து, புத்தகத்தின் எழுத்தும் சிறுத்துப்போகிற இந்த வருடத்திலே, பிள்ளையின் கண்ணை எவரும் பார்க்காமற் போகக்கூடும். எமது வகுப்பில் ஒரு சிறுமி ‘மொக்கு’ என்று பெயர் எடுத்திருந்தாள். அவளை முன் வாங்கிற்கு மாற்றிய அன்றே எழுத்துக்களைச் சரியாகப் பார்த்தெழுதினாள். இப்போது கண்ணாடி அணிந்திருக்கிறாள். அப்பெயரைச் சூட்டிய பெரியவர்களும் இந்த ஊரவர்களே.

புலமைப்பரிசிற் பரீட்சையை நாம் பழிக்க வரவில்லை. கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராயிருந்த 1940களிலே, கிராமத்து ஏழைப் பிள்ளைகளும் மத்திய கல்லூரிகளிற் படிப்பதற்காகத் திறக்கப்பட்ட வழி அது. ஆனால் ஐந்தாம் தரத்துப் பரீட்சையை மூன்றாம் தரத்திற்கு இழுத்து வந்தவர்கள் நாமே. பெற்றோர், ரியூஷன்காரர், எம்மைப் போன்ற சங்கத்து வாலிபர், எல்லோரும் இதற்கு உடந்தை. அப்பரீட்சையின் இரண்டு வினாத்தாள்களும் வாசித்து விளங்கவேண்டிய வினாக்களாலேயே ஆனவை. வாசியாத பிள்ளைக்கு வினாத்தாளைக் கொடுத்துப் பழக்குவது, நீந்தத் தெரியாதவனுக்குத் தோணிப்போட்டியின் விதிகளைப் பாடமாக்குவது போன்றது.

நாம் படித்தது மிஷன் பாடசாலையிலே. அங்கே நாள்தோறும் ஒரு பிள்ளை எழுந்து நின்று, முன்னர் பார்த்திராத ஒரு பந்தியை உரத்து வாசிக்கவேண்டும். அப்போது அது எமக்குத் தண்டனையாகத் தோன்றியது. இப்போது அதன் பயன் தெரிகிறது. நாவலரவர்களும் மிஷன் பாடசாலையிலே படித்து, அங்கேயே படிப்பித்தவர். வண்ணார்பண்ணையிலே 1848இல் சைவப் பாடசாலையைத் தொடங்கியவர், பிள்ளைகளின் வாசிப்புப் படிப்படியாக ஏறுவதற்குப் பாலபாடங்களை வரிசையாக எழுதினார். நல்லதை எங்கே கண்டாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு எமக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

வீட்டிலே செய்யவேண்டியது அதிகமில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம், பிள்ளை அறியாத ஏதேனும் ஒன்றை, பத்திரிகையின் தலைப்போ கடையிற் சுற்றித் தந்த கடதாசியோ, உரத்து வாசிக்கக் கேளுங்கள். படிப்பறிவு குறைந்த தாயானாலும் கேட்டுக்கொண்டிருக்கலாம். பாடசாலைக்குப் போனால் “எத்தினையாம் பிள்ளை?” என்று கேட்பதை விட்டு, “புதுப் பாடத்தைத் தானாக வாசிக்கிறானோ, ரீச்சர்?” என்று கேளுங்கள். அதற்கு விடை சொல்ல ஆசிரியருக்கும் விருப்பம் இருக்கும்.

அந்தச் சிறுவனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்பீர்கள். வினாத்தாள்களைக் கட்டி வைத்துவிட்டு, அவனோடு ‘அ’விலிருந்து திரும்பத் தொடங்கினோம். அவனுக்கு வெட்கம், தகப்பனாருக்குக் கோபம். இரண்டு சனிக்கிழமை அனுப்பவுமில்லை. மூன்றாவது சனிக்கிழமை தாயார் கூட்டிக்கொண்டு வந்தார். ஏழு மாதம் சென்றது. இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். நீண்ட சொல்லிலே நின்றுவிடுகிறான். ஆனாற் சென்ற வாரம் வாசலிலே அறிவித்தற் பலகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். ஏனென்று கேட்டோம். “அண்ணை, பெற்றோர் கூடம் எண்டு எழுதியிருக்கிறியள். ட்-ஐ விட்டிட்டியள்” என்றான். வெண்கட்டியை அவன் கையிலே கொடுத்தோம். இன்று நீங்கள் உள்ளே வரும்போது பலகையிலே சற்றுக் கோணலாக நின்ற எழுத்து அவன் எழுதியது.