சிரிக்கவைத்த குரலுக்கு விடை

2021 செப்டெம்பர் 6ஆம் நாள், ஜிப்ஸீஸ் இசைக்குழுவின் பாடகர் சுனில் பெரேரா மறைந்தார். பெருந்தொற்றினால் நாடு முடங்கியிருந்த வேளை. இரசிகர்கள் திரண்டு சென்று விடைகொடுக்கவும் வழியில்லை.

1969இல் அவர்தம் தந்தையார் அன்டன் பெரேரா தொடங்கிய குழு அது. போர்த்துக்கேயர் வழிவந்த பைலாத் தாளத்திலே சமூகத்தின் போலிகளை எள்ளி நகையாடியது.

போர்க்காலத்தில் பல்கலைக்கழக விடுதியிலிருந்தேன். ஊரிலிருந்து கடிதம் வராது கலங்கிய இரவுகளில், சிங்கள நண்பரின் வானொலிப் பெட்டியில் அப்பாடல்களைக் கேட்டேன். பாதிச் சொற்கள் விளங்கவில்லை. நண்பர் விளக்குவார், இருவரும் சேர்ந்து சிரிப்போம். ஒருவரையொருவர் அஞ்சிய காலத்தில் அச்சிரிப்பே எனக்கு ஆறுதலாயிற்று.

அன்று சொல்லாத நன்றியை இன்று வானலை வழியே சொல்லி விடைகொடுக்கின்றேன்.